வானத்திலிருந்து கம்பி போட்டுக் கப்பலை மூழ்கடிக்க முடியுமா? பழவேற்காடு, சூளூர்பேட்டைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் ஒவ்வொரு முறையும் எல்லையின் இந்தப் பக்கம் பழவேற்காடு, ஆரம்பாக்கத்திலும் அந்தப் பக்கம் தடா, சூளூர்பேட்டையிலும் ஒரே சந்தேகம் சுற்றி வருகிறது: சாட்டிலைட்டில் கனமான உலோகக் கம்பிகளை வைத்து, வேண்டும்போது கப்பல் மேல் போட முடியும் என்கிறார்களே, அது நடக்குமா? மீனவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கேட்ட கேள்விகள் அவர்கள் வாய்மொழியிலேயே கீழே உள்ளன. கணக்குகள் 500 கி.மீ. உயர வட்டப்பாதைக்குப் போட்டவை. பிளஸ் டூ இயற்பியல் தெரிந்தவர்கள் காகிதத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வீடியோல "கடவுளின் கம்பி"ன்னு சொல்றாங்களே, அது நிஜமா இருக்கற ஆயுதமா?

இல்லை. அது ஒரு யோசனை மட்டுமே. 1950-களில் போயிங் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜெர்ரி பூர்னெல் இதை முன்வைத்தார். "தோர் திட்டம்" என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 2003-இல் அமெரிக்க விமானப்படை எதிர்காலத்துக்குப் போட்ட திட்ட ஆவணத்தில் "அதிவேகக் கம்பிக் கட்டுகள்" என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்கப் பேச்சாயிற்று.

எல்லோரும் சொல்லும் அளவு இது: 6.1 மீட்டர் நீளம், 30 செ.மீ. குறுக்களவு, டங்ஸ்டன் உலோகம். டங்ஸ்டன் இரும்பைவிட இரண்டரை மடங்கு கனம், ஒரு கன மீட்டர் 19 டன்னுக்கு மேல் இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு கம்பி சுமார் 8.3 டன். மின்கம்ப நீளம்கூட இல்லாத ஒரு உருளைக்குள் ஒரு லாரிச் சுமை.

வெடிமருந்தே இல்லாம எப்படி வெடிக்கும்?

வேகமே வெடிமருந்தாகிறது. ஒரு கிலோ டி.என்.டி. வெடிமருந்து வெடித்தால் சுமார் 42 லட்சம் ஜூல் ஆற்றல் வரும். வினாடிக்கு 3 கி.மீ. வேகத்தில் போகும் எந்த ஒரு கிலோ பொருளிலும், அது கல்லோ இரும்போ, 45 லட்சம் ஜூல் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். 500 கி.மீ. உயரத்தில் சுற்றும் சாட்டிலைட்டின் வேகம் வினாடிக்கு 7.6 கி.மீ. அதன் ஒவ்வொரு கிலோவிலும் ஏழு கிலோ டி.என்.டி.க்குச் சமமான ஆற்றல் ஏற்கெனவே இருக்கிறது.

மேலே சொன்ன 8.3 டன் கம்பி ஒலியைப் போல் பத்து மடங்கு வேகத்தில், அதாவது வினாடிக்கு 3.4 கி.மீ.யில் மோதினால் சுமார் 11.5 டன் டி.என்.டி.க்குச் சமம். பெரிய குண்டுதான், அணுகுண்டு இல்லை. வீடியோக்களில் ஊரே அழிவதாகக் காட்டுவது தவறு.

சாட்டிலைட்ல இருந்து கையை விட்டா நேரா கீழ விழுந்துடாதா?

விழாது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். சாட்டிலைட்டிலிருந்து கம்பியைக் கழற்றி விட்டால் அது பக்கத்திலேயே, அதே வேகத்தில், அதே பாதையில் சுற்றிக்கொண்டிருக்கும். கீழே வர வேண்டுமானால் பிரேக் போட வேண்டும். அங்கே உரசிப் பிடிக்கக் காற்றோ தண்ணீரோ இல்லாததால், எதிர்த்திசையில் ராக்கெட்டை எரிப்பதுதான் பிரேக். எவ்வளவு பிரேக் என்பதில்தான் இந்த ஆயுதத்தின் தலையெழுத்தே இருக்கிறது.

வினாடிக்கு 150 மீட்டர் மட்டும் குறைத்தால் எரிபொருள் கொஞ்சம் போதும். ஆனால் கம்பி பூமியை மூன்றில் ஒரு பங்கு சுற்றி, சுமார் 30 நிமிடம் கழித்து, 2 டிகிரிக்கும் குறைவான சாய்வில் காற்றுக்குள் நுழையும். தட்டைக் கல்லை ஏரித் தண்ணீரில் சாய்த்து வீசுவது போன்ற நுழைவு. அடர்த்தியான காற்றில் நெடுந்தூரம் உரசிப் போவதால் எங்கே விழும் என்பதில் பிழை பெருகும்.

வினாடிக்கு 2 கி.மீ. குறைத்தால் சாய்வு 17 டிகிரி ஆகும், எட்டரை நிமிடத்தில் கீழே வரும். இதற்குக் கம்பியின் எடையைவிடச் சற்றுக் கூடுதலான எடைக்குத் திட எரிபொருள் வேண்டும். 7.6 கி.மீ. வேகத்தையும் முழுக்கக் கொன்று செங்குத்தாகப் போட வேண்டுமானால் ஒரு டன் கம்பிக்கு 15 டன் எரிபொருள். அப்படிச் செய்தாலும் 500 கி.மீ. உயரத்திலிருந்து விழுந்து கடலைத் தொடும்போது வேகம் வினாடிக்கு 3 கி.மீ.தான். கிலோவுக்குக் கிலோ டி.என்.டி. அளவுதான் தேறும். 15 டன் எரிபொருளைச் செலவழித்து ஒரு டன் சாதாரண வெடிகுண்டை வாங்கியது போலாகிவிடும். ஆகவே இனி வரும் பதில்களில் நடுவழியான 2 கி.மீ. பிரேக்கையே எடுத்துக்கொள்கிறோம்.

எட்டு நிமிஷம்தானே? அதுக்குள்ள கப்பல் எங்க ஓடிடும்?

கொச்சியில் கட்டிய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலையே உதாரணமாக வைப்போம். 2022 செப்டம்பர் 2-இல் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 262 மீட்டர், அகலம் 62 மீட்டர், உச்ச வேகம் 28 நாட், அதாவது வினாடிக்கு 14.4 மீட்டர். எட்டரை நிமிடத்தில் அந்தக் கப்பல் 7 கி.மீ.க்கு மேல் நகர்ந்திருக்கும். எந்தத் திசையில் என்பது தெரியாது. 7.2 கி.மீ. ஆரமுள்ள வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த வட்டம் 163 சதுர கி.மீ. கப்பல் அடைத்துக்கொள்ளும் இடம் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

150 மீட்டர் பிரேக் போட்ட பாதையானால் கடலுக்கு வர 38 நிமிடமாவது ஆகும், ஆரம் 33 கி.மீ. ஆகிவிடும். பழவேற்காடு ஏரி முழுவதையும் அந்த வட்டத்துக்குள் பல தடவை வைக்கலாம். வீச்சுவலை வீசுகிறவருக்கு இது புரியும்: மீன் இருக்கும் இடத்தில் வீசக் கூடாது, வலை விழும்போது அது இருக்கப்போகும் இடத்தில் வீச வேண்டும். வலை கையை விட்ட பிறகு எட்டு நிமிடம் காற்றிலேயே இருந்தால் எந்த மீனும் அங்கே நிற்காது.

கம்பி மூக்குல ரேடார் வச்சு, கப்பலைப் பாத்துப் பாத்துத் திரும்பினா?

நல்ல கேள்வி. மொத்த விஷயமும் இங்கேதான் முடிச்சு விழுகிறது.

வினாடிக்கு 6 கி.மீ. வேகத்தில் காற்றுக்குள் வரும் பொருளுக்கு முன்னால் காற்று நசுங்கிச் சூடேறி, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து, பிளாஸ்மா என்ற ஒளிரும் உறையாகிறது. ரேடியோ அலைகள் அதைத் தாண்டுவது கஷ்டம். அப்பல்லோ விண்கலங்கள் திரும்பி வரும்போது சுமார் மூன்று நிமிடம் பேச்சே இல்லாமல் போனது இதனால்தான். கம்பியின் மூக்கில் ரேடார் வைத்தால் அது குருடாகத்தான் வரும். அகச்சிவப்புக் கேமராவானால் தன் முன்னால் எரியும் தீயைத்தான் பார்க்கும். அந்தச் சூட்டில் கேமராவின் கண்ணாடியும் நிற்காது.

வாலில் ஆன்டெனா வைத்து மேலே இருக்கும் சாட்டிலைட்டோடு பேச முடியும், ஏனென்றால் பின்பக்கம் உறை மெலிந்திருக்கும். அமெரிக்க விண்வெளி ஓடம் அப்படித்தான் பேசியது. ஆக, வேறொரு சாட்டிலைட் கப்பலைப் பார்த்து, "இப்போது இங்கே இருக்கிறது" என்று வால் வழியாகச் சொல்லலாம். ஆனால் அந்தச் சாட்டிலைட் அதே நிமிடத்தில் அதே கடலுக்கு மேல் இருக்க வேண்டும், கப்பலின் இடத்தை முப்பது மீட்டருக்குள் சொல்ல வேண்டும், சொன்னது சில வினாடிக்குள் கம்பிக்குப் போய்ச் சேர வேண்டும். அடர்த்தியான காற்று தொடங்கும் 30 கி.மீ. உயரத்திலிருந்து கடல்மட்டம் வரை கம்பிக்கு ஏறக்குறைய 16 வினாடிதான். அந்த 16 வினாடியில்கூடக் கப்பல் 230 மீட்டர், கிட்டத்தட்ட தன் நீளம் அளவுக்கு, நகர்ந்துவிடும்.

வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாமே என்றால், ஏவுகணைகள் அதைத்தான் செய்கின்றன. 1983-இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்ட அமெரிக்காவின் பெர்ஷிங்-2 ஏவுகணை, கடைசிக் கட்டத்தில் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் ரேடாரில் தரையைப் பார்த்தது. அதில் வெடிமுனை இருந்ததால் வேகம் குறைந்தாலும் கவலையில்லை. கம்பி அப்படிக் குறைக்கக் கூடாது. வினாடிக்கு 1 கி.மீ.க்கு இறங்கிவிட்டால் ஒரு கிலோவில் இருப்பது டி.என்.டி.யில் எட்டில் ஒரு பங்குதான். பார்க்க வேண்டுமானால் வேகம் குறைய வேண்டும், வேகம் குறைந்தால் அடிக்க ஒன்றும் மிஞ்சாது. ஓடும் கப்பலுக்கு இந்த ஆயுதம் ஒத்துவராததற்கு முதல் காரணம் இதுதான். பணம்கூட அடுத்துதான்.

வர்ற வழியில காத்துல உரசி உருகிடாதா?

முழுக்க உருகாது. டங்ஸ்டனின் உருகுநிலை 3,422 டிகிரி, உலோகங்களிலேயே அதிகம். கனமாகவும் ஒல்லியாகவும் இருப்பதால் காற்று அதன் வேகத்தை அவ்வளவாகப் பிடுங்காது. வலையில் கட்டிய ஈயமணியும் மிதவைக் கட்டையும் தண்ணீரில் போகும் விதத்தை நினைத்துக்கொள்ளலாம். 17 டிகிரிச் சாய்வில் வரும் 8.3 டன் கம்பி வேகத்தில் சில சதவீதம்தான் இழக்கும். அதே வடிவத்தில் 100 கிலோ கம்பி பத்து, பன்னிரண்டு சதவீதம் இழக்கலாம். 10 கிலோக் கம்பி கால் பங்கை இழக்கும்.

சிக்கல் மூக்கில் இருக்கிறது. சூடான டங்ஸ்டன் ஆக்சிஜனோடு சேர்ந்து ஆக்சைடாகி ஆவியாகப் பறந்துவிடும், உருகும் வரை காத்திருக்காது. கூர் மழுங்கும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே சீராக மழுங்காது. ஒரு பக்கம் சற்று அதிகமாகத் தேய்ந்தாலே காற்று அந்தப் பக்கம் தள்ளிக் கம்பியைச் சாய்க்கும். இந்த வேகத்தில் ஒரு டிகிரி சாய்வு பாதையை நூற்றுக்கணக்கான மீட்டர் விலக்கிவிடும். அதனால் மூக்குக்குக் கார்பன் கவசம், வாலில் துடுப்புகள், சாய்வைத் திருத்தும் சிறு வாயு ஜெட்டுகள், அவற்றுக்கு பேட்டரி, கணினி எல்லாம் வேண்டும். "வெறும் கம்பி, கெட்டுப்போக ஒன்றுமில்லை" என்ற பேச்சு இங்கே முடிந்துவிடுகிறது.

சரி, பட்டுடுச்சுன்னே வெச்சிக்கலாம். கப்பல் ரெண்டா உடையுமா?

பெரிய கம்பியானால் உடையும். ஆனால் வீடியோவில் காட்டுகிற விதத்தில் இல்லை. இந்த வேகத்தில் நீளக் கம்பி எவ்வளவு ஆழம் துளைக்கும் என்பதற்கு ஒரு தோராய விதி உண்டு: கம்பியின் நீளத்தை, இரண்டு பொருள்களின் அடர்த்தி விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். டங்ஸ்டனுக்கு எஃகில் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் வரும். 6 மீட்டர் கம்பி 9 மீட்டர் கெட்டி எஃகைத் துளைக்கும். கப்பலில் அவ்வளவு எஃகு எங்கே இருக்கிறது? மேல்தளம், உள்தளங்கள், அடித்தகடு எல்லாம் சேர்ந்தாலும் கொஞ்சம்தான். நடுவில் இருப்பதெல்லாம் காற்றும் அறைகளும்தான். கம்பி கப்பலைத் தைத்துக்கொண்டு வெளியே போய், பெரும்பகுதி ஆற்றலைக் கீழே இருக்கும் தண்ணீரில்தான் கொட்டும்.

அந்தத் தண்ணீர்தான் கப்பலை உடைக்கும். டார்பிடோ கப்பலின் பக்கத்தில் மோதுவதைவிட, கப்பலுக்கு அடியில் வெடித்து ஏராவை, அதாவது அடிமுதுகெலும்பை, முறிப்பதுதான் பயங்கரம். நம் வருணாஸ்திரா டார்பிடோவில் 250 கிலோ வெடிமருந்துதான், அதுவே போதும். கம்பி தண்ணீரில் தன் நீளத்தைப் போல் நான்கு மடங்கு ஆழத்துக்குள் 11 டன் டி.என்.டி.க்கும் மேலான ஆற்றலைக் கொட்டினால் விக்ராந்த் அளவுக் கப்பலும் தாங்காது. 100 கிலோக் கம்பியானால் கணக்கு வேறு. அது உள்ளே போன ஓட்டை, வெளியே வந்த ஓட்டை, நடுவில் எது இருந்ததோ அதன் அழிவு என்று முடிந்துவிடலாம்.

ஒரு பெரிய கம்பிக்குப் பதிலா ஆயிரம் சின்னக் கம்பியைத் தூவிட்டா?

163 சதுர கி.மீ. வட்டத்தில் கப்பல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று மேலே பார்த்தோம். கண்ணை மூடிக்கொண்டு தூவினால் ஒன்றாவது பட பத்தாயிரம் கம்பி வேண்டும். ஒன்று 10 கிலோ என்றால் 100 டன் உலோகம், பிரேக் எரிபொருள் தனி. ஆயிரம் கம்பி தூவினால் பத்துத் தடவை தூவியதில் ஒரு தடவைதான் ஒன்று படும்.

ஆனாலும் சின்ன அடி என்று அலட்சியம் வேண்டாம். விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் எரிபொருள் நிரப்பிய விமானங்களும் குண்டுகளும் நிற்கும். 1967 ஜூலை 29-இல் அமெரிக்காவின் ஃபாரஸ்டல் கப்பலில், தளத்தில் நின்ற விமானத்திலிருந்து ஒரே ஒரு சிறிய ராக்கெட் தானாகப் பாய்ந்தது. பிடித்த தீயில் 134 பேர் இறந்தார்கள். இதே யோசனையை விமானத்தில் செய்தும் பார்த்திருக்கிறார்கள்: கொரியா, வியட்நாம் போர்களில் "லேசி டாக்" என்ற 20 கிராம் எஃகுத் துண்டுகளை அமெரிக்கர்கள் கூட்டமாகக் கொட்டினார்கள். நகராத பரப்புக்கு, தரையில் இருக்கும் ஆட்களுக்கு எதிராக.

எப்பவும் ஒரு சாட்டிலைட் கடலுக்கு மேல தயாரா இருக்க எத்தனை வேணும்?

பழவேற்காடு ஏரியின் பாடு முறை தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இறாலுக்கு வலை கட்டும் இடம் ஒன்று, முறை வந்தவர்தான் அன்றைக்குக் கட்டுவார், மற்றவர்கள் காத்திருப்பார்கள். சாட்டிலைட்டுக்கும் அப்படித்தான். 500 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு சுமார் 95 நிமிடம். அதற்குள் பூமி அடியில் திரும்பிவிடுவதால், அடுத்த சுற்று நிலநடுக்கோட்டுப் பக்கம் 2,600 கி.மீ. மேற்கே தள்ளிப் போகும். வங்காள விரிகுடாவின் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு ஒரு சாட்டிலைட்டின் பாடு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவைதான் வரும்.

எண்ணிக்கையைத் தோராயமாகப் போடலாம். பாதையின் இரண்டு பக்கமும் 500 கி.மீ. வரை கம்பியைத் திருப்ப முடியும் என்று தாராளமாகவே வைப்போம். கட்டளை வந்து பத்து நிமிடத்துக்குள் ஏதோ ஒன்று ஏவ வேண்டும். பத்து நிமிடத்தில் சாட்டிலைட்டின் நிழல் தரையில் 4,200 கி.மீ. ஓடும். 4,200 பெருக்கல் 1,000 என்றால் 42 லட்சம் சதுர கி.மீ. பூமியின் பரப்பு 51 கோடி சதுர கி.மீ. வகுத்தால் 120 வரும். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் கச்சிதமாக அமைந்தால்தான் 120, நடைமுறையில் கூடும். இத்தனையும் ஒரே ஒரு கம்பியைப் போடத் தயாராக இருப்பதற்கு. மீதி 119-ம் அந்த நேரத்தில் உலகத்தின் வேறெங்கோ சுற்றிக்கொண்டிருக்கும்.

நம்ம ஷார்ல (ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துல) இருந்தே இதை ஏவிட முடியுமா?

ராக்கெட் இருக்கிறது. கணக்குதான் இடிக்கிறது. நம்மிடம் இருப்பதில் பெரியது எல்.வி.எம்.3. கிளம்பும்போது 640 டன், தாழ்வான சுற்றுப்பாதைக்கு 8 முதல் 10 டன் வரை ஏற்றும். 2022 அக்டோபரில் ஒன்வெப் நிறுவனத்தின் 36 சாட்டிலைட்டுகளை அது கொண்டுபோனபோது சுமை 5.8 டன்.

பெரிய கம்பி 8.3 டன், பிரேக் எரிபொருள் கிட்டத்தட்ட 9 டன், மோட்டார் உறை, கவசம், கருவிகள் சேர்த்தால் 18 டன்னுக்குக் குறையாது. ஒரு கம்பிக்கே எல்.வி.எம்.3 இரண்டு வேண்டும், மேலே போய் இணைக்கவும் வேண்டும். முன் பதிலில் வந்த 120-ஆல் பெருக்கினால் 2,160 டன். சர்வதேச விண்வெளி நிலையம் மொத்தமே சுமார் 420 டன்தான், அதைக் கட்டப் பல நாடுகள் சேர்ந்து பத்தாண்டுக்கு மேல் உழைத்தன. அத்துடன் பேட்டரி தேயும், திட எரிபொருளில் விரிசல் விழும், சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

இதோடு கப்பலைத் தாக்கும் பிரம்மோஸ் ஏவுகணையை வைத்துப் பாருங்கள். ஏவும்போது 3 டன், வெடிமுனை 200 முதல் 300 கிலோ, ஒலியைப் போல் மூன்று மடங்குக்கு அருகில் வேகம், 290 கி.மீ. தூரத்தை ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் கடக்கும். அதற்குள் கப்பல் 4 கி.மீ. நகர்ந்தாலும், மூக்கில் இருக்கும் தேடும் கருவி அதைக் கண்டுபிடித்துத் திரும்பும், ஏனென்றால் அந்த வேகத்தில் பிளாஸ்மா உறை இல்லை. ஒரு போர்க்கப்பலிலேயே பல எண்ணிக்கையில் வைத்துக்கொள்ளலாம், பழுதானால் இறக்கிச் சரிபார்க்கலாம்.

தரையில இருந்து மேல போயி கீழ விழற ஏவுகணை கப்பலை அடிக்குதே, அதுவும் இதே மாதிரிதானே?

உறவுக்காரன்தான், ஆனால் மூன்று வித்தியாசம். சீனாவின் டி.எஃப்-21டி சுமார் 1,500 கி.மீ. பாயும், கப்பலுக்கென்றே செய்தது. அது சுற்றுப்பாதைக்குப் போவதில்லை, அதனால் பிரேக் எரிபொருள் வேண்டாம். பாடுக்குக் காத்திருக்க வேண்டாம், வண்டியில் தயாராக நிற்கும். வெடிமுனை இருப்பதால் கடைசியில் வேகம் குறைத்துக் கப்பலைத் தேடலாம்.

2023 இறுதியிலிருந்து செங்கடலில் ஏமன் நாட்டு ஹூதி கிளர்ச்சியாளர்கள் இந்த வகை ஏவுகணைகளை வணிகக் கப்பல்கள் மேல் ஏவினார்கள். போரில் இது முதல் முறை. பல ஏவுகணைகள் கடலில் விழுந்தன, சில பட்டன. 2024 மார்ச் 6-இல் ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பலில் மூன்று மாலுமிகள் இறந்தார்கள். வணிகக் கப்பல் மெதுவாக, நேராக, தன் இடத்தை ஏ.ஐ.எஸ். கருவியில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போகும். போர்க்கப்பல் அதை அணைத்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் போகும்.

துறைமுகத்துல கட்டி நிக்கற கப்பல்னா?

அது வேறு கதை. நகராத இலக்கின் இடம் முன்கூட்டியே தெரியும். மூக்கில் கண் வேண்டாம், உள்ளே இருக்கும் திசைக்கருவியும் வால் ஆன்டெனாவும் போதும். இந்த ஆயுதம் எதற்காவது பொருந்துமென்றால் இதற்கும், நிலத்தடிப் பதுங்கறைகளுக்கும்தான். அதற்கும் மலிவான வழிகள் உண்டு: 2023 செப்டம்பர் 13-இல் செவாஸ்தபோலில் உலர்துறையில் நின்ற ஒரு ரஷ்யத் தரையிறங்கு கப்பலையும் ஒரு நீர்மூழ்கியையும் உக்ரைன் விமானத்திலிருந்து ஏவிய ஏவுகணைகளால் அடித்தது.

தண்ணிக்கடியில இருக்கற நீர்மூழ்கியை அடிக்குமா? சுனாமி வருமா?

நீர்மூழ்கியை அடிக்காது. துளைக்கும் விதிப்படி 6 மீட்டர் கம்பி, உடையாமல் போனாலும், 26 மீட்டர் ஆழத்தில் தேய்ந்து முடிந்துவிடும், நீர்மூழ்கி அதைவிட ஆழத்தில் போகும். 

சுனாமியும் வராது. 1946-இல் பிகினித் தீவில் தண்ணீருக்கடியில் வெடித்த அணுகுண்டு சுமார் 23,000 டன் டி.என்.டி., நம் கம்பியைப் போல் பல நூறு மடங்கு. அதுவே கடல் தாண்டிப் போகும் சுனாமியை எழுப்பவில்லை. 2004 டிசம்பர் 26-இல் வந்தது கடல்தரையே பல நூறு கி.மீ. நீளத்துக்கு எழும்பியதால். அந்த நாளைப் பார்த்தவர்கள் பயத்தோடு கேட்பது நியாயம்தான், இது அந்த வகையே இல்லை.

மிஷன் சக்தில நாமளும் இதைத்தானே செஞ்சோம்?

அது தலைகீழ். 2019 மார்ச் 27-இல் ஒடிசாவின் அப்துல் கலாம் தீவிலிருந்து கிளம்பிய ஏவுகணை, சுமார் 283 கி.மீ. உயரத்தில் இருந்த மைக்ரோசாட்-ஆர் என்ற நம் சாட்டிலைட்டையே மோதி உடைத்தது. அந்தச் சாட்டிலைட் அதே ஆண்டு ஜனவரி 24-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது, இங்கே பலர் அதைக் கரையில் நின்று பார்த்திருப்பார்கள். வெடிமருந்து இல்லாமல் மோதல் மட்டும் என்பது ஒற்றுமை. ஆனால் சாட்டிலைட் எந்த வினாடியில் எங்கே இருக்கும் என்று முன்பே கணக்கிடலாம், கப்பலைப் போல் திடீரென்று திரும்பாது.

கப்பலிலிருந்தே சாட்டிலைட்டை அடித்ததும் உண்டு. 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் லேக் எரி போர்க்கப்பல், செயலிழந்து விழுந்துகொண்டிருந்த உளவு சாட்டிலைட்டை எஸ்.எம்-3 ஏவுகணையால் உடைத்தது. அதனால் கம்பி சுமக்கும் 120 சாட்டிலைட்டும் ஆயுதமாக இருக்கும்போதே இலக்காகவும் நிற்கும். பிரேக் ராக்கெட் எரிவதை எச்சரிக்கை சாட்டிலைட்டுகள் அகச்சிவப்பில் பார்த்துவிடும், கப்பலுக்குச் சில நிமிடம் கிடைக்கும். வரும் கம்பியை உடைக்க முடியாவிட்டாலும், ஒரு நிமிடம் முன்னால் வினாடிக்கு 20 மீட்டர் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் அது 1,200 மீட்டர் விலகிக் கடலில் விழும்.

இதுக்குச் சட்டம் தடை இல்லையா? யாருமே விண்வெளியில ஆயுதம் வைக்கலையா?

1967 விண்வெளி ஒப்பந்தம் சுற்றுப்பாதையில் அணு ஆயுதத்தையும் பேரழிவு ஆயுதத்தையும் மட்டுமே தடுக்கிறது. வெறும் உலோகக் கம்பி அதில் அடங்காது. போட்டித் தேர்வில் இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள்.

சோவியத் யூனியன் சல்யூட்-3 நிலையத்தில் 23 மி.மீ. பீரங்கி பொருத்தி 1975 ஜனவரியில் ஆளில்லாதபோது சுட்டுப் பார்த்தது. சுற்றுப்பாதையில் ஏறி ஒரு சுற்று முடியும் முன்பே இறங்கும் அணு ஏவுகணையையும் 1969 முதல் 1983 வரை வைத்திருந்தது. கப்பலைக் குறிவைத்துக் கம்பி போடும் சாட்டிலைட்டை எந்த நாடும் நிறுத்தியதாக வெளிப்படையான பதிவு இல்லை.

அதெல்லாம் இருக்கட்டும். ஏவற அன்னிக்குக் கடலுக்குப் போகாதேன்றாங்க. ராக்கெட் துண்டு நம்ம போட்டு மேல விழுமா?

கரையோர மக்களுக்கு உண்மையில் வேண்டிய கேள்வி இது. தடை போடுவது கம்பிக்காக இல்லை. எரிந்து முடிந்த கட்டங்கள் கடலில் விழும் என்பதற்காகவும், கிளம்பும்போதே கோளாறானால் சிதறும் என்பதற்காகவும்தான். எந்தச் சதுரத்தில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கடல் எச்சரிக்கை வரும், மீன்வளத்துறை ஊர்ப் பஞ்சாயத்துக்குச் சொல்லும். ஏவல் தள்ளிப்போனால் எச்சரிக்கையும் தள்ளிப்போகும். அதனால் பழைய நேரத்தை நம்பி வலையை ஏற்றிவிடாமல், முகத்துவாரம் தாண்டும் முன் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

துண்டுகள் வெகுதூரம் மிதந்தும் போகும். 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கரையில் ஒதுங்கிய, ஆள் உயரத்துக்கு மேல் இருந்த உருளை, பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்டம் என்று உறுதியானது. வலையில் அப்படி ஏதாவது சிக்கினால் வெட்டிப் பார்க்காதீர்கள், பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம், நான்காம் கட்டங்களில் இருப்பது ஹைட்ரசின் வகைத் திரவ எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடு வகைத் திரவமும். மீன் அழுகியது போலவோ அம்மோனியா போலவோ வாடை வந்தாலும், செம்பழுப்புப் புகை தெரிந்தாலும் காற்று வரும் திசைக்கு மாறி நில்லுங்கள். கம்பளி போல இழை இழையாகப் பிரியும் உறையைக் கையால் தொட்டால் இழை தோலில் ஏறும். வலையை அந்த இடத்தில் அறுத்து விடுவது நஷ்டம்தான், உயிருக்கு அது பரவாயில்லை. ஜி.பி.எஸ். எண்ணைக் குறித்துக்கொண்டு கடலோரக் காவல்படைக்கு 1554, அல்லது கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

நஷ்டஈடு கேட்டால், வேறு நாட்டு விண்பொருள் விழுந்து சேதமானால் 1972 பொறுப்பு உடன்படிக்கைப்படி ஏவிய நாடு கொடுக்க வேண்டும், தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. 1978-இல் கடல் கண்காணிப்புக்கான சோவியத் சாட்டிலைட் காஸ்மோஸ்-954 அணு உலையோடு கனடாவில் விழுந்தது. கனடா 60 லட்சம் கனடிய டாலர் கேட்டு 30 லட்சம் வாங்கியது. நம் ராக்கெட்டால் நமக்கு வரும் சேதத்துக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது, மீன்வளத்துறை வழியாக மனுக் கொடுக்க வேண்டும். அதற்குப் படகின் பதிவு எண், வலை வாங்கிய ரசீது, துண்டோடு எடுத்த புகைப்படம், 1554-இல் பேசிய நேரம் ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும்.